முனைவர் பட்டம்: விண்ணப்பம் முதல் வாய்மொழித் தேர்வு வரை

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இன்று முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேருபவர்கள் முதலில் படிக்க வேண்டியது, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 நவம்பர் 7 அன்று வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகளை. அதற்கு முன் பதிவு செய்தவர்களுக்கு 2009 அல்லது 2016 விதிகள் பொருந்தும். சீனியர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் யோசனைகளில் பாதி உங்களுக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்பது 2016 விதி. 2022 விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் அதை வைத்திருக்கின்றன. ஆகவே யுஜிசி விதி ஒரு கையில், நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி விதிமுறைப் புத்தகம் மறு கையில் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஐஐடி, என்ஐடி போன்ற நிறுவனங்களுக்குத் தனி விதிகள் உண்டு; அங்கே சேருபவர்கள் அவற்றைப் படிக்க வேண்டும்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்காக மட்டுமே முனைவர் பட்டத்தை நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் பணியின் நேரடி நியமனத்துக்கு யுஜிசி வைத்திருக்கும் குறைந்தபட்சத் தகுதி, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு, அல்லது செட், ஸ்லெட் என்ற மாநிலத் தகுதித் தேர்வு. முனைவர் பட்டம் விருப்பத் தகுதிதான். ஐந்தாறு ஆண்டுகளைக் கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கேள்விக்கு விடை தேடும் ஆவல் உள்ளவர்களுக்கு இந்தப் படிப்பு தரும் நிறைவு பெரிது. அந்த ஆவல் இல்லாமல் வருபவர்கள் மூன்றாம் ஆண்டில் மூச்சுத் திணறுகிறார்கள்.

தகுதி: மதிப்பெண்ணில் தொடங்கி சாதிச் சான்று வரை

மூன்றாண்டு இளங்கலை, இரண்டாண்டு முதுகலை முடித்தவர்கள் முதுகலையில் 55 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். நான்காண்டு இளங்கலைக்குப் பின் ஓராண்டு முதுகலை படித்தவர்களுக்கும் அதே 55. முதுகலையே இல்லாமல் நான்காண்டு இளங்கலையிலிருந்து நேரடியாக வருபவர்களுக்கு 75 விழுக்காடு. எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு இந்த எல்லைகளில் 5 விழுக்காடு தளர்வு உண்டு.

54.8 என்பது 55 ஆகாது. முழு எண்ணாக்கி எழுதி விண்ணப்பித்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே அனுப்பிவிடுவார்கள். சிஜிபிஏ என்ற தரப்புள்ளி முறையில் படித்தவர்கள் பத்தால் பெருக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மாற்றுச் சூத்திரம் உண்டு. பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து விழுக்காடு குறித்த கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சல் வழியில் படித்தவர்கள், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டில் யுஜிசியின் அங்கீகாரம் இருந்ததைக் காட்டும் ஆவணத்தை முன்கூட்டியே தேடி எடுத்துவிட வேண்டும். பத்து, பன்னிரண்டு, இளங்கலை, முதுகலை என்ற வரிசை குலைந்து படித்தவர்கள் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே பல்கலைக்கழகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு மாணவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பிசி, எம்பிசி என்று மாநில அரசு தரும் சாதிச் சான்றிதழ் வேறு. நெட் தேர்வுக்கும் மத்திய நிறுவனங்களுக்கும் கேட்கப்படும் ஓபிசி சான்றிதழ் வேறு. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்ற குறிப்போடு அது இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஓபிசி என்று குறிப்பிட்டுவிட்டு, நேர்காணல் நாளில் மாநிலச் சான்றை நீட்டினால் பொதுப் பிரிவில் வைத்துவிடுவார்கள். அங்கே உங்கள் மதிப்பெண் எட்டாமல் போகலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் ஒப்புதல் பெற்று வர நாளாகும். அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

நுழைவு: நெட், பல்கலைக்கழகத் தேர்வு, நேர்காணல்

சேர்க்கைக்கு இப்போது இரண்டு வாசல்கள். ஒன்று நெட், அறிவியல் துறையினருக்கான சிஎஸ்ஐஆர் நெட், கேட் போன்ற தேசியத் தேர்வுகள். மற்றொன்று பல்கலைக்கழகம் தானே நடத்தும் நுழைவுத் தேர்வு.

2024 ஜூன் நெட் முதல் தேர்ச்சி மூன்று வகையாக அறிவிக்கப்படுகிறது. முதல் வகையினருக்கு ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை), உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கை மூன்றும் கிடைக்கும். இரண்டாம் வகையினருக்கு உதவிப் பேராசிரியர் தகுதியும் சேர்க்கையும். மூன்றாம் வகையினருக்குச் சேர்க்கை மட்டும். ஜேஆர்எஃப் பெற்றவர்களுக்கு நேர்காணல் மட்டுமே. மற்ற இரு வகையினருக்கும் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. இந்த இரு வகையினரின் நெட் மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். எந்தப் பல்கலைக்கழகம் எந்த மாதத்தில் சேர்க்கை நடத்துகிறது என்று பார்க்காமல் இருந்தால் அந்த ஓராண்டு கையைவிட்டுப் போய்விடும். முதுகலை இறுதியாண்டிலேயே நெட் எழுதலாம். குறிப்பிட்ட மதிப்பெண்ணோடு இரண்டு ஆண்டுகளுக்குள் முதுகலையை முடித்துவிட வேண்டும்.

யுஜிசி நெட் மூன்று மணி நேரத் தேர்வு. முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100 கேள்விகள், கேள்விக்கு 2 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விடாமல் எழுதுங்கள். பாடத்தில் கெட்டிக்காரர்கள் பலர் முதல் தாளைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அதுவும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு.

பல்கலைக்கழகம் தானே நுழைவுத் தேர்வு நடத்தினால், பாதி கேள்விகள் ஆராய்ச்சி முறையியலிலும் பாதி உங்கள் பாடத்திலும் இருக்கும். 50 விழுக்காடு பெற்றால்தான் நேர்காணலுக்கு அழைப்பார்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு இங்கேயும் 5 விழுக்காடு தளர்வு. பொறியியல் துறையினருக்கு கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பது ஒரு வசதி.

நேர்காணலில் கேட்பது மூன்றே விஷயங்கள். எதை ஆராயப்போகிறீர்கள், அதை ஆராய உங்களுக்குத் திறன் இருக்கிறதா, இந்தத் துறையில் அதற்கு நெறியாளரும் வசதியும் உண்டா. தலைப்போடு மட்டும் போகாதீர்கள். மூன்று நான்கு பக்கத்தில் ஓர் ஆய்வு முன்மொழிவு தயாராக இருக்கட்டும்.

முன்மொழிவு எங்கே சறுக்குகிறது என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். "தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள்: ஓர் ஆய்வு" என்று ஒருவர் எழுதி வருகிறார். முதல் கேள்வியிலேயே சிக்கிவிடுவார், ஏனென்றால் இதில் கேள்வி என்று எதுவுமே இல்லை. இதையே, "தருமபுரி மாவட்டத்தின் இரண்டு ஒன்றியங்களில், ஐந்தாண்டுகளுக்கு மேல் இயங்கும் குழுக்களின் உறுப்பினர்கள் உள்கடனை எதற்குச் செலவிடுகிறார்கள், வங்கிக் கடன் வந்தபின் அது மாறுகிறதா" என்று சுருக்கினால் எல்லாம் துலங்கத் தொடங்கும். இடம் தெரிகிறது, யாரைக் கேட்பது என்று தெரிகிறது, எந்தப் பதிவேட்டைப் பார்ப்பது என்றும் தெரிகிறது. அந்தப் பதிவேடுகளைப் பார்க்கக் குழுக்கள் அனுமதிக்குமா என்று அடுத்து ஒருவர் கேட்பார். ஒரு குழுவிலாவது முன்கூட்டியே பேசிவிட்டு வந்தவர் சொல்லும் பதிலுக்கு இருக்கும் எடை, நூலகத்திலிருந்து மட்டும் வந்தவரின் பதிலுக்கு இருக்காது.

நெறியாளர்: அவசரம் வேண்டாம்

ஆய்வு முடியுமா முடியாதா என்பதைத் தலைப்பைவிட நெறியாளர்தான் அதிகம் தீர்மானிக்கிறார். அதனால் இந்தப் பகுதி நீளமாகவே இருக்கட்டும்.

ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வழிநடத்தலாம். நெறியாளராக இருக்க முனைவர் பட்டமும் வெளியீடுகளும் வேண்டும். பேராசிரியருக்கு மதிப்பாய்வு செய்யப்பட்ட இதழ்களில் குறைந்தது 5 கட்டுரைகள், உதவிப் பேராசிரியருக்கு 3. "காலியிடம் இருக்கிறது, வாங்க" என்று நெறியாளர் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது. பல்கலைக்கழகத்தின் காலியிடப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இணைவுக் கல்லூரி என்றால், உங்கள் பாடத்தில் அந்தக் கல்லூரித் துறைக்கு ஆராய்ச்சி மைய அங்கீகாரம் நடப்பில் உள்ளதா என்றும் பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்து உங்கள் துறைக்கு இல்லாமல் இருப்பது சாதாரணமாக நடக்கும்.

அடுத்தது ஓய்வு பெறும் தேதி. பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர் புதியவர்களை எடுக்க முடியாது. ஏற்கெனவே எடுத்தவர்களை ஓய்வு பெறும்வரை வழிநடத்தலாம், பிறகு 70 வயது வரை இணை நெறியாளராக இருக்கலாம். மூன்றரை ஆண்டு பணி மீதமுள்ளவரிடம் சேருவது விதிப்படி சரிதான். ஆனால் உங்கள் ஆய்வு ஐந்தாண்டு ஓடினால் கடைசி ஒன்றரை ஆண்டுக்கு வேறொரு முதன்மை நெறியாளர் வேண்டும். அந்த வேறொருவர் யார் என்பதைச் சேரும்போதே பேசி வையுங்கள்.

பிறகு, அவரிடம் படித்து முடித்தவர்களைத் தேடுங்கள். இன்ஃபிளிப்நெட் நடத்தும் சோத்கங்கா தளத்தில் நெறியாளர் பெயரைப் போட்டால் அவர் வழிகாட்டிய ஆய்வேடுகள் வரும். பதிவு செய்த ஆண்டு, பட்டம் பெற்ற ஆண்டு இரண்டும் பலவற்றில் இருக்கும். எல்லோரும் ஏழெட்டு ஆண்டுகள் எடுத்திருந்தால் காரணம் கேளுங்கள். இரண்டு ஆய்வேடுகளைத் திறந்து முன்னுரையையும் முடிவுரையையும் படியுங்கள். அவர் எந்தத் தரத்தை ஏற்றுக்கொள்கிறார் என்பது புரிந்துவிடும். இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: நீங்கள் கொடுக்கும் இயல் எத்தனை நாளில் திருத்தி வருகிறது? தயங்காமல் வரும் பதிலும், தயங்கி வரும் பதிலும் வேண்டியதைச் சொல்லிவிடும்.

துறை கடந்த தலைப்பு என்றால் இணை நெறியாளரைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். திருமணம் போன்ற காரணங்களால் இடம் மாறும் பெண் ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வுத் தரவுகளைப் புதிய பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்ல விதியில் இடமுண்டு. பழைய நிறுவனத்துக்கு நிதி வந்த திட்டத்தைச் சேர்ந்த ஆய்வாக அது இருக்கக் கூடாது, பழைய நிறுவனத்துக்கு உரிய அங்கீகாரமும் தர வேண்டும். இது தெரியாமல் ஆய்வையே கைவிடும் பெண்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

முழு நேரமா, பகுதி நேரமா

வேலையில் இருப்பவர்களுக்குப் பகுதி நேரம். தகுதி, நுழைவுத் தேர்வு, பாடப்பணி (சேர்ந்தபின் படித்துத் தேற வேண்டிய தாள்கள்) எல்லாம் முழு நேரத்தினருக்கு உள்ளவைதான். தொலைநிலையிலோ இணையவழியிலோ முனைவர் பட்டம் கிடையாது. அப்படி விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

பகுதி நேரத்தினரின் விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் என்ஓசி என்ற ஆட்சேபணையின்மைச் சான்றால். "ஆட்சேபணை இல்லை" என்று ஒற்றை வரியில் அலுவலகம் கொடுக்கும் கடிதம் செல்லாது. மூன்று விஷயங்கள் அதில் தெளிவாக இருக்க வேண்டும்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதி அளிக்கப்படுகிறது, இவருடைய பணி ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க இடம் தருகிறது, தேவைப்பட்டால் பாடப்பணியை முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். மூன்றாவது வரியை எழுதத்தான் நிர்வாகங்கள் தயங்கும். விதியின் நகலைக் காட்டிப் பேசுங்கள்.

காலக் கணக்கு

குறைந்தபட்சம் மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். இந்தக் கணக்கு சேர்க்கைத் தேதியிலிருந்து ஓடும். பாடப்பணிக் காலமும் இதில் அடக்கம். தலைப்பு உறுதியான நாளிலிருந்து என்று நினைப்பவர்கள் கடைசியில் ஓராண்டு குறைவதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். ஆறு ஆண்டுக்குள் முடியாவிட்டால் மறுபதிவு செய்து மேலும் இரண்டு ஆண்டுகள் பெறலாம், மொத்தம் எட்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் இரண்டு ஆண்டுகள் தளர்வு, மொத்தம் பத்து. பெண் ஆய்வாளர்கள் முழு ஆய்வுக் காலத்தில் 240 நாட்கள் வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம்.

2025 ஆகஸ்ட் 1 அன்று ஒருவர் ஜேஆர்எஃப் உதவித்தொகையோடு சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2028 ஜூலை முடியும் முன் அவர் சமர்ப்பிக்க முடியாது. ஆறு ஆண்டு எல்லை 2031 ஜூலையில் முடிகிறது. ஆனால் உதவித்தொகை ஜேஆர்எஃபாக இரண்டு ஆண்டு, எஸ்ஆர்எஃபாக (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) மூன்று ஆண்டு, ஆக ஐந்து ஆண்டுகளுக்குத்தான். 2030 ஜூலையோடு பணம் நின்றுவிடும். 2023 ஜனவரி 1 முதல் மாதம் ரூ.37,000, எஸ்ஆர்எஃப் ஆனதும் ரூ.42,000, அதோடு வீட்டு வாடகைப்படி என்று வந்துகொண்டிருந்த தொகை அது. ஆகவே அவருடைய உண்மையான கடைசி நாள் 2030 ஜூலை. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், முழு வரைவு 2029 டிசம்பரில் நெறியாளர் மேசையில் இருக்க வேண்டும். களப்பணியோ சோதனைகளோ 2028 இறுதிக்குள் முடிந்திருக்க வேண்டும். எழுதுவதற்கு ஆறு மாதம் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். ஓராண்டு வையுங்கள்.

ஜேஆர்எஃப் இரண்டாண்டு முடிந்ததும் எஸ்ஆர்எஃப் தானாக வராது. இதற்கான குழு மதிப்பீடு செய்து பரிந்துரைத்தால்தான் உயர்த்துவார்கள். அந்த மதிப்பீட்டுக்கான கூட்டத்தை இரண்டாண்டு முடியும் முன்பே கேட்டு வாங்குங்கள். தாமதித்தால் உதவித்தொகை மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும்.

பாடப்பணியும் அரையாண்டுக் கூட்டங்களும்

பாடப்பணிக்குக் குறைந்தது 12 கிரெடிட். ஆராய்ச்சி முறையியல், உங்கள் துறைத் தாள்கள், அவற்றோடு இரண்டு கிரெடிட் உள்ள ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் தாள். 55 விழுக்காடு எடுத்தால்தான் ஆய்வைத் தொடரலாம். இதைச் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். உங்கள் துறைத் தாளின் பாடத்திட்டத்தை நெறியாளர் வகுக்கும் இடங்களில், அதை உங்கள் ஆய்வின் இலக்கிய மீளாய்வுக்குப் பொருந்தும்படி வகுக்கச் சொல்லுங்கள். தேர்வுக்குப் படிப்பது ஆய்வேட்டின் இரண்டாம் இயலாகவும் ஆகும்.

ஆராய்ச்சி ஆலோசனைக் குழு முன் ஒவ்வொரு அரையாண்டும் நேரில் விளக்கி, முன்னேற்ற அறிக்கை தர வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதை டாக்டரல் கமிட்டி என்றும் சொல்வார்கள். முன்னேற்றம் போதாது என்று குழு கருதினால் காரணத்தை எழுதி, திருத்த வழியும் சொல்லும். அதையும் செய்யாவிட்டால் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். கூட்டம் நடந்தால் மட்டும் போதாது. நடவடிக்கைக் குறிப்பில் எல்லோரும் கையெழுத்திட்டு அது ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள், ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கப் போகும் நாளில், நான்காண்டுக்கு முந்தைய கூட்டத்தின் குறிப்பு கோப்பில் இல்லை என்று ஆராய்ச்சிப் பிரிவு சொன்னால், அப்போது கையெழுத்திட்ட உறுப்பினர்களில் ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார், ஒருவர் வேறு ஊரில் இருப்பார். ஆண்டுக் கட்டண ரசீதுகளுக்கும் இதே கதிதான். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தேதிவாரியாக ஒரே இடத்தில் வையுங்கள்.

தலைப்பு மாற்றம், நெறியாளர் மாற்றம், முழு நேரத்திலிருந்து பகுதி நேரத்துக்கு மாறுவது ஆகிய எதுவும் குழுவின் பரிந்துரையும் பல்கலைக்கழக ஆணையும் இல்லாமல் செல்லாது. ஒரு சொல் மாறினாலும் தலைப்பு மாற்றம்தான். பதிவில் "வட தமிழக மாவட்டங்கள்" என்றிருந்து, ஆய்வேட்டின் அட்டையில் "வேலூர் மாவட்டம்" என்று இருந்தால் வாங்க மாட்டார்கள்.

மனிதர்களிடம் தரவு திரட்டுபவர்கள், குறிப்பாக மருத்துவம், உளவியல், குழந்தைகள் தொடர்பான ஆய்வுகளில் இருப்பவர்கள், நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைத் தரவு திரட்டத் தொடங்கும் முன் வாங்க வேண்டும். பின்தேதியிட்டு அந்த ஒப்புதல் கிடைக்காது. அது இல்லாமல் திரட்டிய தரவை நல்ல இதழ்கள் ஏற்பதில்லை.

எழுத்து, வெளியீடு, ஒப்புமைச் சோதனை

தமிழில் ஆய்வேடு எழுதுபவர்கள் முதல் நாளிலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை ஒப்புமை (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி) சோதிக்கும் மென்பொருள் வெறும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் படிக்கும். அறிக்கையில் ஒப்புமை பூஜ்யம் என்று வந்தால் மகிழ வேண்டாம். சரிபார்ப்பவர் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்புவார். கடைசி மாதத்தில் 300 பக்கத்தை யூனிகோடுக்கு மாற்றும்போது ஒற்றெழுத்துகளும் கொம்புகளும் இடம் மாறும், மேற்கோள்கள் சிதையும். டிடிபி கடைக்காரரிடம் கொடுப்பதாக இருந்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கட்டுரை வெளியிட, யுஜிசி-கேர் என்ற அங்கீகரித்த இதழ்களின் பட்டியலைப் பார் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். அந்தப் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இப்போது இதழின் தரத்தைப் பல்கலைக்கழகமும் நீங்களும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நாளில் ஏற்புக் கடிதம், மதிப்பாய்வுக் குறிப்பு ஒன்றும் இல்லை, வாட்ஸ்அப்பில் கட்டண விவரம், தமிழ் இலக்கியத்தையும் இயந்திரப் பொறியியலையும் ஒரே இதழில் அச்சிடுவது என்று இருந்தால் விலகிவிடுங்கள். அதில் வந்த கட்டுரை பின்னாளில் வேலை நேர்காணலில் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

கருத்துத் திருட்டுக்கு 2018 விதிகள் பொருந்தும். 10 விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதங்களுக்கு மிகாத காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவு ரத்து. மேற்கோள் குறியும் ஆதாரமும் உள்ள பகுதிகள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்டங்கள், வழக்கமான சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் சேராது. தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்கள் 14 சொற்கள் வரை இருந்தால் அவையும் சேராது.

அறிக்கையை எப்படிப் படிப்பது என்று ஒரு மாதிரிக் கணக்கு. முதல் சோதனையில் 34 விழுக்காடு வந்திருக்கிறது. பயந்து எல்லா வாக்கியங்களையும் மாற்றி எழுத உட்காராதீர்கள். எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். துணைநூற்பட்டியலில் 9, மேற்கோள்களில் 4, நீங்களே வெளியிட்ட கட்டுரையிலிருந்து 12, செய்முறை விளக்கங்களில் 3, பிறர் எழுதியதை ஆதாரமின்றி எடுத்தது 6. முதல் இரண்டும் மென்பொருள் அமைப்பை மாற்றினாலே போய்விடும். உங்கள் கட்டுரையைக் கழிக்க, அது இந்த ஆய்விலிருந்து வந்ததுதான் என்ற நெறியாளர் சான்றைப் பல பல்கலைக்கழகங்கள் கேட்கும். ஆய்வேட்டிலும் அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். மீதி 9. எண் பத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் கவனிக்க வேண்டியது அந்த 6தான். எண் சரியாக இருந்தாலும் அடுத்தவர் பத்தி உங்கள் பெயரில் நிற்கிறது. அதைப் படித்து, மூடிவைத்து, நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் வாக்கியத்தில் எழுதி ஆதாரம் கொடுங்கள். சொல்லுக்குச் சொல் மாற்றிப்போடுவது மென்பொருளை ஏமாற்றலாம், மூலநூலை எழுதியவரே தேர்வாளராக வந்தால் ஏமாற்ற முடியாது.

சமர்ப்பிப்பும் வாய்மொழித் தேர்வும்

சமர்ப்பிக்கும் முன் ஆலோசனைக் குழு முன்னிலையில் முன்வைப்புக் கூட்டம் நடக்கும். துறை ஆசிரியர்களும் பிற ஆய்வாளர்களும் வரலாம். அங்கே சொல்லப்படும் திருத்தங்களைச் செய்த பிறகே ஆய்வேடு போகும். அதே சமயத்தில் ஆய்வுச் சுருக்கமும் தேர்வாளர் பட்டியலும் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும். சுருக்கம் கொடுத்தபின் எத்தனை மாதத்துக்குள் ஆய்வேடு தர வேண்டும் என்பதை உங்கள் பல்கலைக்கழக விதியில் பாருங்கள். அதைத் தவறவிட்டால் அபராதமோ மீண்டும் சுருக்கமோ கேட்பார்கள்.

நெறியாளரோடு குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் மதிப்பிடுவார்கள். இயன்றவரை ஒருவர் வெளிநாட்டவராக இருப்பார். இரண்டு வெளித் தேர்வாளர்களும் பரிந்துரைத்தால்தான் வாய்மொழித் தேர்வு. ஒருவர் நிராகரித்தால் பட்டியலிலுள்ள வேறொருவருக்கு அனுப்புவார்கள். அவர் பரிந்துரைத்தால் தேர்வு நடக்கும், அவரும் நிராகரித்தால் ஆய்வேடு நிராகரிக்கப்பட்டதாகும். சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மதிப்பீடும் வாய்மொழித் தேர்வும் முடிய வேண்டும் என்கிறது விதி. நடைமுறையில் தேர்வாளரிடமிருந்து அறிக்கை வராமல் நாள் நீளும். இரண்டு மாதம் கழித்து, எந்த அறிக்கை வந்தது, எது வரவில்லை என்று ஆராய்ச்சிப் பிரிவில் பணிவாக, எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். தேர்வாளர் யார் என்று தேடி அவரையே தொடர்புகொள்வது மட்டும் கூடவே கூடாது.

அறிக்கைகளில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் பக்க எண்ணோடு எழுத்தில் பதில் தயாரியுங்கள். வாய்மொழித் தேர்வு பொது நிகழ்வு, இணையவழியிலும் நடத்தலாம். "இந்தத் தரவு உங்கள் முடிவுக்குப் போதுமா" என்ற கேள்வி ஏதாவது ஒரு வடிவில் நிச்சயம் வரும். ஆய்வின் எல்லை எது என்று நேராகச் சொல்பவரைத் தேர்வாளர்கள் மதிப்பார்கள். எல்லாவற்றையும் நிறுவிவிட்டேன் என்பவரைத்தான் குடைவார்கள்.

திருத்தங்கள் முடிந்ததும் ஆய்வேட்டின் மின்படியைச் சோத்கங்காவுக்கு அனுப்பக் கொடுக்க வேண்டும். பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்கும் காலத்தில் தற்காலிகச் சான்றிதழ் தருவார்கள். அதில் இந்தப் பட்டம் 2022 விதிகளின்படி வழங்கப்பட்டது என்ற வாசகம் இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதைக் கேட்பார்கள். முதுகலைச் சான்றிதழில் உள்ள பெயரும் தலைப்பெழுத்தும் இதிலும் அப்படியே இருக்க வேண்டும். பிழை இருந்தால் பட்டச் சான்றிதழ் அச்சாகும் முன்பே மனுக் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.